ஐந்து பேருக்கு இடம்

லா சப்பல், பாரிஸ்
11 மார்ச் 2024

அன்புத் தம்பி சீலனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நானும் அத்தானும் நிருபாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படி இருக்கவேண்டும் என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன்.

விமானநிலையத்திலிருந்து மெசேஜ் போட்டதோடு உன் போன் செத்துவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் சிக்னல் இல்லை, கடிதம் எழுதினால் சாமான் கொண்டுபோகும் ஆள் கொடுப்பான் என்று உன் முதலாளி பெயோ அத்தானிடம் சொன்னாராம். இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறேன் என்று கடையில் எல்லோருக்கும் சிரிப்பு. "பிள்ளை, அமெரிக்காவுக்குப் போறவன் கொம்பியூட்டர் தட்டப் போவான். உன்ர தம்பி செம்மறி மேய்க்கப் போயிருக்கிறான்" என்கிறார் கடை முதலாளி செபஸ்டியன் அண்ணை. நானும் விடவில்லை. "எங்கட அப்பா வல்லிபுரம் வன்னியில பட்டி நிறைய மாடு வைச்சிருந்தவர். மேய்க்கிறது எங்களுக்குக் கேவலமில்லை" என்று சேலையை மடித்துக்கொண்டே சொன்னேன்.

கேவலமில்லைதான், ஆனால் பயமாக இருக்கிறது. நீ ஏன் போனாய் என்று எனக்குத் தெரியும். இங்கே கடைக்கு மேலால் மெத்ரோ ஓடும்போதெல்லாம் நீ குனிந்ததைப் பார்த்தவள் நான். ஒவ்வொரு யூலை பதினாலும் இவர்களின் தேசிய தின வாணவெடி முடியும்வரை கட்டிலுக்குக் கீழே கிடந்தாய். பிறகு பிரான்சின் பாஸ்க் மலையில் ஆட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போனாய், முகம் தெளிந்து வந்தாய். அந்தப் பண்ணைக்காரரின் சொந்தக்காரர் பெயோ நெவாடாப் பாலைநிலத்தில் ஆடு மேய்க்க ஆள் தேடுகிறார் என்றதும், "அங்கை சத்தமே இல்லையாம் அக்கா" என்றாய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் மறிக்கவில்லை.

உண்மையாகவே சத்தம் இல்லையா? அதை மட்டும் முதலில் எழுது.

உன் நினைவோடு,
அக்கா வதனி


நெவாடா
8 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சீலன். நல்ல சுகம். உங்கள் கால் வீக்கம் எப்படி? அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நிருபாவுக்கு என் முத்தம்.

சத்தம் இல்லை அக்கா. காற்று, ஆடு, நாய், அவ்வளவுதான். சில்லு பூட்டிய ஒரு சின்ன வண்டிதான் வீடு. கட்டில், அடுப்பு, ஒரு ஜன்னல். சுற்றிவர சேஜ் என்ற சாம்பல் நிறச் செடி, முழங்கால் உயரத்துக்கு, கண்ணுக்கெட்டிய தூரம். கிழமைக்கொரு தடவை பெரு நாட்டுக்காரன் வில்மர் மாவும் தண்ணீரும் கொண்டு வருவான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. இருவரும் நன்றாகக் கதைக்கிறோம்.

பெயோவின் பூட்டன் பாஸ்க் மலையிலிருந்து பதினேழு வயதில் வந்தவராம். ஆங்கிலம் தெரியாததால் போகவேண்டிய ஊரின் பெயரை எழுதிச் சட்டையில் குத்திக்கொண்டு ரயிலேறினாராம். ஊரில் அவர் ஒரு நாளும் ஆடு மேய்த்ததில்லை. பாஸ்க் ஆள் என்றால் ஆடு தெரியும் என்று இங்கத்தைய ஆட்கள் நம்பியதால், வந்தவர்களும் ஓம் என்றுவிட்டார்கள். சம்பளத்துக்குப் பதிலாகப் பெண் ஆடுகளை வாங்கிச் சேர்த்து, தனி மந்தை ஆக்கி, காணி வாங்கி, ஊரிலிருந்து பெண் எடுத்து, இந்தப் பள்ளத்தாக்கில் வீடும் கட்டினார். இப்போது பாஸ்க் பிள்ளைகள் டொக்டர், வக்கீல். மேய்ப்பது பெருக்காரர். அவர்களுக்குப் பிறகு நான்.

பெயோ பழைய பிரெஞ்சில் ஒரு புத்திமதி சொன்னார்: "தம்பி, இந்தச் செடி ஆளைப் பிடிக்கும். பிடிச்சால் ஆளுக்குத் தெரியாது. வில்மரோட ஒவ்வொரு கிழமையும் கதை." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்புடன்,
சீலன்


லா சப்பல்
2 மே 2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இங்கு எல்லோரும் சுகம். கால் வீக்கம் அப்படியேதான். நாள் முழுக்க நின்று சேலை விற்கிறவளுக்கு வேறு என்ன?

சத்தமில்லை என்று எழுதியதை நிருபாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் வழக்கம்போல் பிரெஞ்சில், அப்படியென்றால் மாமா இரவில் யாரோடு கதைப்பார் என்று கேட்டாள். அதற்குப் பிறகு எனக்கும் அந்த யோசனைதான். செடி ஆளைப் பிடிக்கும் என்றால் என்ன அர்த்தம்? பெயோ யாரை நினைத்துச் சொன்னார்? கேட்டு எழுது.

இங்கே பக்கத்து ஊர் ஸ்தேனில் ஒரு நல்ல பெண் இருக்கிறாள், மட்டக்களப்புப் பிள்ளை. படம் வைத்திருக்கிறேன். இப்போது அனுப்பமாட்டேன், நீ ஆட்டுக்குக் காட்டிவிடுவாய்.

கவனமாக இரு ராசா.
அக்கா


நெவாடா
3 யூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கோடைக்கு மந்தையை மலைக்கு ஏற்றிவிட்டோம். இங்கே வெள்ளைப் பட்டை ஆஸ்பென் மரங்கள் ஒரு தோப்பாக நிற்கின்றன. அக்கா, மரம் முழுக்கப் பெயர்கள்! நூறு வருடமாக இங்கே மேய்த்த பாஸ்க் ஆட்கள் பெயர், ஊர், வருடம் எல்லாம் கீறி வைத்திருக்கிறார்கள். கத்தி நுனியால் மெல்லிய கோடுதான் போடவேண்டும். கீறியவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மரம் வளர வளரக் கோடு தடித்துக் கறுத்து, எத்தனையோ வருடம் கழித்துத்தான் பெயர் தெரியும். நானும் கீறினேன்.

அர்னோ என்ற ஒருவன் 1921, 22, 23 மூன்று வருடமும் எழுதியிருக்கிறான். பிறகு இல்லை. செடி பிடித்தது அவனைத்தானாம், தனிமையில் புத்தி பேதலித்துப்போவதைத்தான் அப்படிச் சொல்வார்களாம். அந்தக் காலத்தில் சாமான் கொண்டுவந்தவர் பெயோவின் பூட்டன். பனியால் பிந்தித்தான் வந்தாராம். வண்டிக்குள் பாண் மா பொங்கி வழிந்து காய்ந்து கிடந்ததாம், ஆளில்லை. "தேட வேறு ஆள் இருக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு சொந்தமும் இங்கே இல்லை" என்றார் பெயோ. அதைச் சொல்லும்போது அவர் மரத்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

இங்கே மேல் மண் பொருபொருத்தது. இடுப்பளவு ஆழத்துக்குப் பிறகு வெள்ளைக் களி, இறுகல். கொத்திக் கிளப்பப் பிக்கான் இல்லாமல் முடியாது.

ஒரு உதவி. கடையில் விற்காமல் கிடக்கும் சேலைகளோ உங்கள் பழைய சேலைகளோ அனுப்புவீர்களா? பருத்தி என்றால் நல்லது. குட்டிகளுக்கு வெயில் மறைப்புக் கட்டத்தான்.

அன்புடன்,
சீலன்


லா சப்பல்
19 யூன் 2024

சீலன்,

இங்கு உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மனதைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ஒரு மணப்பெண்ணும் தாயும் கூறைச் சேலை பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேலை அனுப்பு என்ற வரிக்கு வந்ததும் கையிலிருந்த கூறையை என்னால் மடிக்க முடியவில்லை. செபஸ்டியன் அண்ணை வந்து வாங்கிக்கொண்டார்.

ஆட்டுக்குட்டிக்கு வெயில் மறைப்பா? மரத்தோப்புக்குள் நிற்கிற ஆட்டுக்கா? களிமண் எத்தனை அடியில் வரும் என்று மேய்ப்பன் ஏனடா பார்க்கிறான்?

நானும் அம்மாவும் சேலை வெட்டி மண் மூட்டை தைத்ததை நீ மறந்திருக்க மாட்டாய். சாக்கு முடிந்து, படுக்கை விரிப்பு முடிந்து, கடைசியில் அம்மா தன் கூறையை எடுத்துத் தந்தா. சிவப்புச் சரிகைக்குள் மண்ணைப் போட்டு அடுக்கினோம். நீதான் ஊசிக்கு நூல் கோத்துத் தந்தாய், பன்னிரண்டு வயது. வன்னியில் அந்த 2009 மாசி, பங்குனியில் சேலை கேட்டால் அது ஒன்றுக்குத்தான், ஷெல்லுக்குப் பதுங்குகிற குழிக்கு.

நீ பங்கர் வெட்டுகிறாயா? ஓம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுதவேண்டாம்.

நான் ஒரு சேலையும் அனுப்பமாட்டேன்.

அக்கா


நெவாடா
6 யூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அத்தானுக்கு நைட் வேலை மாறிவிட்டதா? நிருபாவின் பள்ளிச் சோதனை என்ன மாதிரி?

இங்கே மலை உச்சிகளில் ஆள் உயரத்துக்குக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பாஸ்க் பாஷையில் கல்லுப் பையன்கள் என்று அர்த்தம் வரும் ஒரு பெயர் சொல்கிறார்கள். பாதை தெரிய வைத்ததாம். தனிமைக்கு வைத்ததாம் என்றும் சொல்கிறார்கள். சாயங்காலத்தில் யாரோ நிற்பது மாதிரித்தான் இருக்கும். நான் கும்பிட்டுவிட்டுப் போவேன்.

ஆடுகளுக்கு ஒரு குறையுமில்லை. ஒரு குட்டிகூடச் சாகவில்லை என்று பெயோவுக்குச் சந்தோசம். நாய் நல்ல கெட்டிக்காரி. எனக்கு முன்னமே அவளுக்குக் கேட்டுவிடும். காது நிமிரும், பிறகு ஒரே ஓட்டம், எனக்கு முன்னால் உள்ளே போய்ப் படுத்துவிடுவாள். இப்போது அவளைப் பார்த்துத்தான் நான் ஓடுகிறேன்.

சேலை வேண்டாம். தீவனச் சாக்குகள் கிடைத்தன.

சீலன்


லெ பிளாங்-மெனில்
22 யூலை 2024

என் ராசாவுக்கு,

இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் சுகம். உன் சுகத்தை இனி உன்னிடம் கேட்டுப் பயனில்லை என்று விளங்கிவிட்டது. ஓமென்றும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை. நாய் ஓடிப்போய்ப் படுப்பது எதற்குள்ளே?

நிருபா போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்தாள். உன் மலைக்கு அப்பால் ஒரு பெரிய வெறுமை, அதைச் சுற்றிக் கோடு. போர் விமானம் பழகும் இடமாம். "மம்மா, அங்கே தாழப் பறப்பார்களாம்" என்று பிரெஞ்சில் வாசித்தாள். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நானும் போனை வாங்கிப் பார்த்தேன். சத்தத்துக்குப் பயந்து பாதி உலகம் தாண்டிப்போன பிள்ளை, போய்ச்சேர்ந்த இடம் அதுவா? பெயோ ஏன் சொல்லவில்லை? அவருக்கு அது அப்பப்பா காலத்திலிருந்து கேட்ட சத்தம், சொல்லவேண்டும் என்றே தோன்றியிருக்காது. ஆனால் நீ? ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். எனக்குச் சத்தமில்லை என்று எழுதினாய்.

இந்த முறை பதினாலாம் திகதி வாணவெடிக்கு நாங்கள் எல்லோரும் பல்கனியில் நின்றோம். நான் உன்னை நினைத்து அழுதேன். எனக்கு அந்தச் சத்தம் ஒன்றும் செய்வதில்லை, தெரியும்தானே. நான் வெளியே வந்துவிட்டேன். உன்னைத்தான் முழுக்க இழுத்து எடுக்க முடியவில்லை.

பெயோவுக்குச் சொல்லப் போகிறேன். அவர் உன்னைக் கீழே இறக்கி, விமானம் ஏற்றட்டும்.

அக்கா


நெவாடா
5 ஓகஸ்ட் 2024

அக்காவுக்கு,

பெயோவுக்குச் சொல்லவேண்டாம். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். சொன்னால் மூடச் சொல்வார்.

வேலை முடிந்துவிட்டது. 'ட' மாதிரி வளைத்து வெட்டினேன், அப்பா வெட்டியது போல. மேலே ஆஸ்பென் குற்றி, அதன் மேல் சாக்கு, கல்லு, மண். ஐந்து பேருக்கு இடம் விட்டிருக்கிறேன். வாசலில் அப்பா, பிறகு நான், சின்னவன் சாருஜன், நீங்கள், கடைசியில் உள்ளுக்கு அம்மா. நெருக்கமில்லை. அந்த முறை நெருக்கம்.

பயப்படவேண்டாம் அக்கா. வெளியே நின்றால்தான் பயம். உள்ளே இல்லை. அம்மா கூப்பிடும்போது வருவேன்.

சீலன்


லா சப்பல்
20 ஓகஸ்ட் 2024

சீலன்,

ஒரு வரி. நான் வருகிறேன். டிக்கெட் எடுத்தாயிற்று. பெயோ பட்டணத்துக்கு வந்து என்னை ஏற்றுவார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, தம்பியைப் பார்க்க ஆசை என்று மட்டும் சொன்னேன்.

நான் வந்து சேரும்வரை ஆட்டைப் பார், நாயைப் பார், சாப்பிடு. வில்மர் வந்தால் வெளியே வந்து நின்று கதை.

அக்கா வருகிறேன்.


நெவாடா மலை
9 செப்டம்பர் 2024

நிருபாவின் அப்பாவுக்கு,

வதனி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் மகளும் நேரத்துக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். நாளை வில்மர் இதைக் கொண்டுபோவான். பட்டணத்துக்கு இறங்கியதும் போன் எடுப்பேன்தான், ஆனால் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

நான் என்ன நினைத்துக்கொண்டு வந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒருவர்தான் நடந்ததை முழுக்கக் கேட்டவர். எங்கள் இருவரையும் பங்கருக்குள் விட்டுவிட்டு, அம்மா கடைசித் தம்பி சாருஜனை இடுப்பில் வைத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனா. "நான் கூப்பிட்டால்தான் ரெண்டு பேரும் வெளியில வரவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனா. அவர்களைத் தேடி அப்பா போனார். ஒருவரும் வரவில்லை. கடைசியில் நான்தான் சீலனைக் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா இன்னும் கூப்பிடேல்லை" என்று குழறிக்கொண்டே வந்தான். ஆகவே பங்கர் வாசலில் நின்று, அம்மா கூப்பிடுவதுபோல இழுத்துக் கூப்பிட்டு அவனை வெளியே எடுப்பது என்று விமானத்தில் முழுக்க மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

வந்து இறங்கினால், அவன் வண்டி வாசலில் நின்று சிரித்துக்கொண்டு, "என்ன அக்கா, கால் வீக்கத்தோட மலையேறி வாறியள்" என்கிறான். மெலிந்துபோனான், எலும்பு தெரிகிறது. தேத்தண்ணி போட்டுத் தந்தான். சட்டியை மண்ணுக்குள் புதைத்துப் பாண் சுட்டான். பயித்தியக்காரன் மாதிரி ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. பிறகு, வீடு கட்டியவன் காட்டுவதுபோல் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினான். தோப்பு ஓரத்தில் அப்படியே அப்பாவின் கைவேலை. உள்ளே சுவரோடு ஐந்து இருக்கை, களியில் செதுக்கியது. சின்னவனின் இருக்கை சின்னது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், இறங்கவில்லை.

பக்கத்து மரத்தில் அவன் கீறியதையும் காட்டினான். மயிர்க்கோடு. சரித்துப் பார்த்தால் மட்டும் தெரிந்தது: வல்லிபுரம், மனோரஞ்சிதம், சாருஜன். "எங்கட பேர் எங்கையடா?" என்றேன். "எங்களுக்கு இன்னும் எழுதேல்லை" என்றான். அடுத்த மரத்தில் அந்த அர்னோவின் பெயர் விரல் மொத்தத்துக்குக் கறுத்து நின்றது.

அடுத்த நாள் காலை அவன் மந்தையோடு சரிவில் நின்றான். நான் வண்டியடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நாயின் காது நிமிர்ந்தது. அதை மட்டும் கண்டேன்.

பிறகு நான் கண்டது இருட்டு. முகத்தில் மண். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, அம்மா சொல்லித்தந்தபடி. நாய் என் மடியில் நடுங்கியது. மேலே வானம் கிழிந்துகொண்டு போனது. எப்படி ஓடினேன், எப்படி இறங்கினேன் என்று எனக்கு ஒரு நினைவும் இல்லை. வீங்கின காலோடு அவ்வளவு தூரம்! என் இடத்தில்கூட நான் இருக்கவில்லை. கடைசி உள் மூலையில், அம்மாவுக்கு விட்ட இடத்தில் இருந்தேன்.

சத்தம் போய்விட்டது. காதுக்குத் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. எழும்பு என்று எனக்கு நானே சொன்னேன். கால் அசையவில்லை. அவன் இன்னும் வரவில்லை, சரிவில் விழுந்து கிடக்கிறான், சின்னவனும் அம்மாவும் அந்தப் பக்கம்தான் போனார்கள் என்றெல்லாம் மனதில் ஓடியது. இத்தனை வருடமாக வாணவெடியைப் பல்கனியில் நின்று பார்த்தவள் நான். வெளியே வந்துவிட்டேன் என்று அவனுக்கே எழுதினேன்.

அப்போது வாசலில் வெளிச்சம் மறைந்தது. அவன் இரண்டு காலும் தெரிந்தன. சரிவிலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. ஆனால் உள்ளே வரவில்லை. கோடை முழுக்கச் சத்தம் கேட்டால் உள்ளே பாய்ந்தவன், நான் உள்ளே என்று கண்டதும் வெளியே நின்றுவிட்டான்.

"அக்கா, சத்தம் போயிட்டுது. வெளியில வாங்கோ" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. "அம்மா இன்னும் கூப்பிடேல்லை" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவன் குந்தியிருந்து உள்ளே பார்த்தான். கண் நிறைந்திருந்தது. பிறகு எழும்பி நின்று, அம்மா இரண்டு வளவுக்குக் கேட்கக் கூப்பிடுவாவே, அந்த இழுப்போடு, "வதனீ... வா பிள்ளை... வா" என்று கூப்பிட்டான். அக்கா என்று சொல்லவில்லை, பெயரைச் சொன்னான். பிறந்ததிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

நான் போனேன். கையைப் பிடித்து ஏற்றினான். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆடெல்லாம் சரிவு முழுக்கச் சிதறி நின்றன. நாங்கள் இருவருமாகப் போய்த்தான் சேர்த்தோம், பகல் முழுக்கப் பிடித்தது. அதற்குப் பிறகும் அந்தச் சத்தம் வந்தது. இரண்டு பேரும் சேஜ் செடிக்குள் குப்புற விழுந்து கிடந்தோம். ஆனால் வெளியேதான் கிடந்தோம்.

குழியை மூடலாமா என்று கேட்டேன். "ஆடு இறங்கேக்கை பாப்பம்" என்கிறான். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அது அங்கே இருப்பது இப்போது எனக்கும் ஒரு தைரியமாகத்தான் இருக்கிறது. அதை நினைத்தால்தான் பயம் வருகிறது. பெயோவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒக்டோபரில் மந்தை பள்ளத்தாக்குக்கு இறங்கும், அதோடு சீலனை அனுப்பிவிடுகிறேன் என்றார். அதுவரை நானும் இங்கேதான். தனியே விட்டுவிட்டு வரமாட்டேன். அவனை மட்டும் சொல்லவில்லை, அந்தக் குழிக்குள் இடம் விட்ட எல்லோரையும்தான்.

செபஸ்டியன் அண்ணையிடம், தீபாவளிச் சரக்கு வருமுன் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள். நிருபாவுக்கு, மாமா சுகமாக இருக்கிறார், ஆடு அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். யார் யாரைக் கூப்பிட்டு எடுத்தது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு உங்கள்
வதனி